வண்டி வாசலுக்கு வேண்டாம்

— அந்த வண்டி என்ற ஊட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது கோமதி. அவ்வளவுதான், சொல்லிப்போட்டேன்.

— ஏனுங் செல்லாத்தாக்கா, நானென்ன சவ வண்டியா கூட்டியாரேன்? பஞ்சாயத்து வண்டிங்க. இந்த வார்டுக்கு ஆஷா ஒர்க்கர் நான், உங்க ஊட்டுக்காரரு ஆறுச்சாமி மாமா பேரை நாந்தான் எழுதிக் குடுத்தேன்.

— எதுக்கு எழுதுனே? பாலியேட்டிவ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குதில்ல? சாகக் கெடக்கறவங்களுக்கு வர்ற வண்டிதான அது? ராசம்மா ஊட்டு முன்னால நின்னுச்சு, ஒம்பதாம் நாள் எழவுப் பந்தல் போட்டாங்க. அர்த்தநாரி ஊட்டுக்கு ரெண்டு தடவை வந்துச்சு. அவரெங்கே இப்ப?

— அவங்களுக்குப் புத்துநோய்ங்க. மாமாவுக்கு அதில்லீங்ளே. ஒரு பக்கம் கைகால் வராமப் போச்சு. அதுக்குப் பயிற்சி குடுக்கற பிசியோ புள்ளையும் அதே வண்டியிலதான் வருது, ஜீவிதான்னு. அதுக்குத் தனி வண்டி வாங்கப் பஞ்சாயத்து எங்கீங் போகும்?

— ஊர்க்காரங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? வண்டியப் பாத்தவொடனே, ஆறுச்சாமிக்கு நாள் எண்ணியாச்சுன்னுருவாங்க. அது அவர் காதுல உழுந்தா அந்த நெனப்புலயே போயிருவாரு.

— அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான் போங்க. சரி, மாமாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றேன்.

— மெதுவாப் போ. தூங்கறாரு.

— உள்ள போய்ப் பாத்துட்டு வந்துட்டேனுங்க.

— நல்லாத்தான இருக்காரு? வைத்தியர் குடுத்த தைலத்த மூணு நேரமும் தேய்க்கறேன். சோறு ஊட்டியுடறேன். ஒண்ணுக்குக்கூடக் கட்டில விட்டு எறங்க உடறதில்ல. புள்ளத்தாச்சியக்கூட இப்படி ஆரும் பாத்துக்க மாட்டாங்க.

— கைய மூடியே வச்சிருக்காரு. வெரலப் பிரிச்சுப் பாத்தேன், முடியல. தூக்கத்துலயே மொகஞ் சுளிக்கறாரு. போன மாசம் லேசாப் பிரிஞ்சுதுங்க.

— குளுருக்கு அப்படித்தான் இருக்கும்.

— சட்டை போட்டுடறப்ப என்ன பண்றாரு?

— கத்தறாரு. அதுதான் துண்ட மட்டும் போத்தியுடறேன்.

— அந்தக் கத்தலுக்கே எங்களக் கூப்புட்டிருக்கோணுமுங்க. பாதம் தொங்கிப் போச்சு. குதிகால் செவந்து கெடக்குது. ஆஸ்பத்திரியிலிருந்து வாரப்பவே பயிற்சி ஆரம்பிக்கோணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்களே, அதெங்கீங்க? மூணு மாசமாச்சு.

— அரிசி டின்னுக்குள்ள கெடக்குது.

— ஒளிச்சு வச்சுட்டீங்ளா!

— எம்பையன் அருள்குமார் கண்ணுல பட்டா, அப்பனத் தூக்கி வண்டியில போட்டுட்டுப் போயிருவான். உனக்குத் தெரியாது கண்ணு. அன்னிக்கு மடை திருப்பறக்கு வரப்பு மேல போனாரு. நாம் பின்னால போறேன். செருப்பு கழண்டு போச்சு, அதுகூடத் தெரியாம நடக்கறாரு. ஏனுங், செருப்புங்கன்னு கூப்புட்டேன். திரும்புனாரு, வாய் ஒரு பக்கமாக் கோணிக் கெடக்குது. அப்படியே சேத்துல உழுந்தாரு. நடந்ததாலதான வந்துச்சு? கட்டில்லயே இருந்தா மறுபடி வராதில்ல? எனக்குப் பயமா இருக்குது கோமதி. அடுப்புல பாலு வச்சுட்டு ஓடி வந்து, மூச்சு இருக்குதான்னு மூக்குகிட்ட வெரல வச்சுப் பாக்கறேன்.

— அழுவாதீங்க்கா. நடந்ததால வரலீங்க. பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டாரு, அதனால வந்துச்சு. டாக்டரே சொன்னாரில்ல? சும்மா போட்டு வச்சாத்தான் முதுகுல புண்ணு வரும், நெஞ்சுல சளி கட்டும். நீங்க எதுக்குப் பயப்படறீங்ளோ அது அந்தக் கட்டில்லதான் இருக்குது.

— அந்தப் பிசியோ புள்ள இத்துனூண்டு இருக்குது. எழுவது கிலோ ஆள நிறுத்தறேன்னு கீழ போட்டுருச்சுன்னா?

— வந்த அன்னிக்கே நிறுத்தாதுங்க. படுத்தவாக்குலயே கைகால மடக்கி நீட்டியுடும். எங்க புடிக்கோணும், எப்படி உக்கார வெக்கோணும்னு உங்களுக்குத்தான் சொல்லிக் குடுக்கும். இருங்க, டிரைவர் போன் பண்றாரு. வண்டி மாரியம்மன் கோயல்கிட்ட நிக்குதாமா. இன்னிக்கு உட்டா அடுத்த மாசந்தானுங்க. என்னங் சொல்லட்டும்?

— வேண்டாமுன்னு சொல்லு. தேறி வர்ற நேரத்துல, வெண்ணெய் தெரண்டு வரையில தாழி ஒடஞ்ச கதையாயிரும். ஒரு மாசம் போகட்டும்.

— செல்லா...

— ஏனுங், முழிச்சுட்டீங்ளா? ஒண்ணுமில்லீங்க, கோமதி வந்திருக்குது. நீங்க படுங்க, அசையாதீங்க.

— அசை...யறேன். நீ தோட்டத்துக்குப் போனதும்... தெனமும் எந்திரிக்கறேன்.

— என்னங் சொல்றீங்க? ஆரப் புடிச்சுட்டு எந்திரிக்கறீங்க?

— செவுத்த. உனக்குப் பயமாயிரும்னு... சொல்லல.

— ஐயோ மாரியாத்தா! உழுந்திருந்தா என்னங் பண்ணுவீங்க?

— உழுந்தேன். கட்டில் காலப் புடிச்சு... ரொம்ப நேரங் கழிச்சு... ஏறிப் படுத்தேன்.

— எப்பங்க? நான் எங்கீங் போயிருந்தேன்?

— நேத்து. நீ கெணத்துமேட்டுல... மோட்டர் ஓடுச்சு. கூப்புட்டேன் செல்லா... கூப்புட்டுட்டே இருந்தேன். உனக்குக் கேக்கல.