ட்ரெவரின்ர பண்டியள்

இல்லப் பிள்ளை, நான் கேக்கிறன், ஒரு மனுசன் எவ்வளவத்தைத்தான் பொறுக்கிறது? நாலு வரி உருளைக்கிழங்கு! நாலு வரியும் போச்சு! டிராக்டர் விட்ட மாதிரிக் கிடக்கு பாருங்கோ. டிராக்டர்காரனெண்டாலும் நேர் பிடிச்சு உழுவான், இது மூக்காலயெல்லோ உழுதிருக்கு... மெல்ல, மெல்ல, குழி பாத்து வாங்கோ.

போனில நீங்கள் தமிழ் கதைச்ச உடன எனக்கு உயிர் வந்தது. இந்த அவுஸ்திரேலியாவில காட்டுப்பண்டி பிடிக்கிற அரசாங்கக் கந்தோரிலயும் எங்கட ஆக்கள் இருக்கினமெண்டு ஆர் கண்டது! பார்கவியெண்டு வடிவான பேர். கோயம்புத்தூரோ? சரி, அது கிடக்கட்டும்.

விசயம் என்னெண்டா, வாற செவ்வாய் இந்தக் காணியில விற்பனைப் போர்டு நடப் போறாங்கள். என்ர மனிசி சிவசோதி ஏஜென்டோட கதைச்சு முடிச்சிட்டா. பண்டிக்குத் தீன் போடவோ அஞ்சு ஏக்கர் வாங்கினது, நோபல் பார்க் வீட்டில பேசாமல் கதிரையில இருங்கோ எண்டுறா. முப்பத்தொரு வருசம் பஸ் ஓடி வாங்கின காணி, பிள்ளை! வித்தா நான் செத்துப்போவன், சும்மா சொல்லேல்ல. அதால மனிசிக்குக் காட்ட நீங்கள் ஒரு கடிதம் தரவேணும். பண்டி எல்லாம் பக்கத்துக் காணி ட்ரெவரின்ர வேலை, என்னில, இந்தத் தருமராசாவில, ஒரு பிழையும் இல்லையெண்டு. அவ்வளவுதான்.

முதல் நானும் வொம்பட் எண்டுதான் நினைச்சனான். வொம்பட்டெண்டா ஒரு வளையைத் தோண்டிப்போட்டுத் தன்ர பாட்டில கிடக்கும். இது மேல்மண்ணைப் பிரட்டிப் பிரட்டியெல்லோ போட்டிருக்கு! பிறகு முள்ளுக்கம்பியில பாத்தா கறுத்த மயிர், பிரஷ் மாதிரி. வேலிக் கட்டையில முழங்கால் உயரத்துக்குச் சேறு, முதுகு உரஞ்சியிருக்கு. அங்க தண்ணி தேங்கிற இடத்தில உருண்டு படுத்த பள்ளம். காலடியைப் பாருங்கோ, ஆடெண்டா நுனி கூரா இருக்கும். இது மழுங்கல், பின்னால ரண்டு புள்ளி வேற. போட்டோ எல்லாம் எடுத்து வச்சிருக்கிறன்.

இன்னொண்டு கேளுங்கோ. ஞாயிறு காலமைதான் எல்லாம் புதுசாக் கிடக்கும்! கிழமை நாளில வந்து பாத்தா புதுசா ஒண்டும் இல்ல. அப்ப என்ன அர்த்தம்? சனிக்கிழமை நான் போன கையோட ட்ரெவர் கேற்றைத் திறந்து பண்டியை உள்ள விடுறான்! முகத்துக்கு நேர சொல்லிப்போட்டன். மனுசன் சிரிக்கிறான். அண்டையில இருந்து கதை பேச்சில்ல.

எங்க அங்கால போறியள்? அந்த மரத்தடியில ஒண்டும் இல்லப் பிள்ளை. அது... அது சாமி விசயம். எனக்கு ஏழரைச் சனி. புரட்டாசியில இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை காகத்துக்கு எள்ளுச் சோறு வைக்கிறனான். நோபல் பார்க்கில வச்சா எலி வருதெண்டு பக்கத்து வீட்டுப் பொம்பிளை கவுன்சிலுக்கு எழுதுறா. அதான் இஞ்ச கொண்டந்து வைக்கிறது. முதல் ஒரு பிடிதான். தோட்டம் கிண்டுப்பட்ட உடன, ஆகா, சனியன் உக்கிரமா நிக்கிறானெண்டு ஒரு சட்டியாக்கினன். பிறகும் கிண்டினது. மூண்டு சட்டியாக்கினன். என்ர கூட்டாளி மகாதேவனும் தன்ர சட்டியைத் தந்துவிடுறார், அவருக்கு அட்டமத்துச் சனி. ஒரு பருக்கை மிஞ்சுறேல்ல! இந்த நாட்டுக் காகம் உடம்பும் பெரிசுதானே...

ஏன் குந்தியிட்டியள்? ஐயோ, உது பண்டிப் பீ, தடியால கிண்டாதேங்கோ... உதென்ன, கறுப்பாப் பொடியா?

எள்ளு.

எள்ளெண்டோ சொல்லுறியள்? இந்த ஊரில ஆர் எள்ளு விதைக்கிறான்? ட்ரெவர் எள்ளு... இல்ல, ட்ரெவர் ஏன் எள்ளு...

ஐயோ பிள்ளை.

அப்ப எட்டு மாசமா நான் விருந்து வச்சது பண்டிக்கோ? அது கிண்டக் கிண்ட நான் கூட்டிக் கூட்டியெல்லோ வச்சனான்! மனிசி அண்டைக்கே சொன்னவ, "சனி வானத்தில இல்லையப்பா, வீட்டுக்குள்ள சாரம் கட்டிக்கொண்டு திரியுது" எண்டு. உங்கட லுங்கியைத்தான் நாங்கள் சாரமெண்டுறது. சிரிக்க வேணுமெண்டா சிரியுங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு. ட்ரெவரிட்ட எந்த முகத்தோட போறது? வெறுங்கையோட போகேலாது, குடுக்க ஒரு கிழங்கும் மிஞ்சேல்ல.

என்ன சொன்னியள்? கூடு வச்சுப் பிடிக்கலாமோ? சோறு வைக்கிறதை விட்டாப் போதுமோ? அப்ப காணி தப்பும்! கூட்டுக்குள்ள வைக்கப் பழகின தீன் வேணுமோ... பிள்ளை, இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ? காருக்குள்ள மூண்டு சட்டி இருக்கு! மகாதேவன்ரயோட நாலு! சனியைப் போலக் கெடுப்பாருமில்ல, குடுப்பாருமில்ல எண்டுறது இதைத்தான்.

கடிதமோ? ஓம், எழுதத்தானே வேணும். ட்ரெவரின்ர பேரை வெட்டிப்போட்டுத் தருமராசா எண்டு போடுங்கோ. ஆனா கொஞ்சம் சின்ன எழுத்தில போடுங்கோ, பிள்ளை... மனிசி கண்ணாடி போடாமல்தான் கடிதம் வாசிக்கிறவ.