சிறப்பு விருந்தினர் உள்ளே இருக்கிறார்

மரக்காணத்து உப்பையும் முந்திரிப் பழத்தையும் சேர்த்துக் காய்ச்சிய, இதுவரை இந்தப் பூமியில் எவரும் கேட்டிராத, கேட்டிருந்தாலும் கேட்காதது போல் இருந்துவிட்ட ஒரு பீர், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, உப்பளத்து வரப்பில் போட்ட பந்தலில், நாற்பது பேர் முன்னிலையில் முறைப்படி சுவைக்கப்பட்டது என்பதையும், அதைச் சுவைத்து மைக்கில் ஏழு நிமிடம் வாழ்த்துரை வழங்கிய சிறப்பு விருந்தினர், உப்பளத்தின் உரிமையாளரும் தேவாலயப் பங்குப் பேரவையின் துணைத் தலைவருமான திரு. அந்தோணிசாமி அவர்கள், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து கொட்டகையை ஒட்டிய கழிவறையில் எழுந்தருளியிருக்கிறார் என்பதையும் பெருமையுடன் அறிவித்துக்கொள்கிறோம்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள் இருவர். ஒருத்தி அவர் மகள் ஜான்சி. இன்னொருவன் அவள் கணவன் பெலிக்ஸ். புதுச்சேரியில் லைசன்சுடன் பீர் காய்ச்சி விற்கும் ஒரு கடையில் காய்ச்சுகிற வேலை. இன்றைய பீரைப் பெற்றெடுத்தவன் அவன்தான். மாமனார் அவனோடு நேராகப் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

— அப்பா, உள்ள நல்லாத்தானே இருக்கீங்க?

— ஜான்சி, பக்கெட்டுல தண்ணி கொறையுது. வெளிய யாராச்சும் சும்மா நின்னா ஒரு கொடம் கொண்டாரச் சொல்லு.

— இவரு நிக்கிறாருப்பா.

— எவரு?

— எவரா… உங்க மருமகன்தான்.

— நிக்கிறவரு எதுக்கு நிக்கிறாருன்னு கேளு.

— மாமா, தண்ணி கொண்டாந்துட்டேன் மாமா. கதவோரமா வச்சிருக்குது.

— வச்சிட்டாராமா, ஜான்சி?

— அவரே சொல்றாருல்லப்பா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா? சரி, உப்பும் சக்கரையும் போட்டுத் தண்ணி கலக்கட்டுமா?

— சக்கரை போதும். இன்னிக்கு உப்புப் பேச்சே வேணாம்.

— ஏங்க, இப்படித் தள்ளி வாங்க… உங்க ஓனரு போன் பண்ணாரு.

— என்னவாம், ஜான்சி?

— காரு இன்னும் கூனிமேடு தாண்டலையாம். பெட்ரோல் பங்க்ல நிக்குதாம். அங்க கக்கூஸ் சாவி வச்சிருக்கிற ஆளு சாப்பிடப் போயிட்டானாம். அவரு கொரலே சரியில்ல.

— வெயில்ல நின்னு நின்னு போட்டோ எடுத்தாரு. மீன் வறுவல் வேற மூணு தட்டு. அதான்.

— நீங்க இன்னிக்கு அந்த பீர ஒரு வாயாச்சும் குடிச்சுப் பாத்தீங்களா?

— மெதுவா பேசு. மாமா எதிர்ல உக்காந்திருக்கும்போது நான் எப்படிடி குடிப்பேன்?

— அவரே குடிச்சாரு.

— அவரு குடிக்கலாம். அவரு முன்னாடி நான் குடிக்க முடியுமா? மரியாதன்னு ஒண்ணு இருக்குதுல்ல.

— மரியாதயப் பத்தி நீங்க பேசாதீங்க. நான் போயி நம்ம புள்ள பிரிசில்லா எழுந்துட்டாளான்னு பாக்குறேன். நீங்க அதச் சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்.

— எதச் சொல்லணுமாம்?

— ஒண்ணுமில்ல மாமா. ஜான்சி… ஜான்சி, நில்லு… போயிட்டா.

ஒன்றுமில்லாமல் இல்லை. காலையில் பந்தலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. கடை முதலாளி தட்சணாமூர்த்திக்குப் பீரைவிடப் போட்டோ முக்கியம். உப்பளத்துத் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்கிற மீட்டரும், பீரில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிற மீட்டரும் ஒரே சாதிதான் என்று பெலிக்ஸ் ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தான். போதாதா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மிதக்கவிட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதனால் ஒரு நெட்டைக் கண்ணாடிக் குவளையில் பீர். அதே போன்ற இன்னொன்றில், உப்பு வாரிய பிறகு பாத்தியில் தங்குகிற கசப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போனால் வயிறு கழன்றுவிடும் என்பது அளத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். இரண்டும் ஒரே மஞ்சள்.

சிறப்பு விருந்தினர் தம்ளரை நீட்டினார். பெலிக்ஸ் குவளையைப் பார்க்கவில்லை, மாமனார் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினான். அவர் வாங்கி வாயில் சாய்த்து, கைக்குட்டையால் நிதானமாக வாயைத் துடைத்து, மைக்கைப் பிடித்தார். கடல்தாயும் முந்திரிக்காடும் ஒரே தம்ளரில் கைகுலுக்குகின்றன என்றார். முதலில் உப்பு, நடுவில் பழம், கடைசியில் ஒரு கசப்பு, மனித வாழ்வும் அத்தகையதே என்றார். பீரைப் பாட்டிலோடு வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்த தட்சணாமூர்த்தி, ஆமாம், அந்தக் கடைசிக் கசப்புதான் விசேஷம் என்று தலையாட்டினார். பந்தலே தலையாட்டியது. கடைசியில் அந்தோணிசாமி, இதைக் காய்ச்சியது எங்க மாப்ள என்றார்.

மாப்ள. இரண்டு வருடத்தில் முதல் தடவை. பெலிக்சுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மேசையைப் பார்த்தான். பீர்க் குவளை ஒரு சொட்டும் குறையாமல் நின்றது.

— மாமா…

— ம்.

— ஓனரு உங்க பேச்ச பாட்டில் லேபிள்ல போடணும்ங்கிறாரு.

— எந்த வரி?

— கடல்தாய், முந்திரிக்காடு… அது.

— போட்டோவுமா?

— போட்டோவும் உண்டு மாமா.

— சைடுலேர்ந்து எடுத்தது வேணாம். அதுல வயிறு தெரியும்.

— சரிங்க மாமா.

— … இதச் சொல்லத்தான் நின்னீங்களா?

நேராகக் கேட்ட முதல் கேள்வி. நடுவில் ஜான்சி இல்லை, ஒரு பிளாஸ்டிக் கதவு மட்டும் இருந்தது. இப்போது சொன்னால், காலையில் கிடைத்த மாப்ளயை மத்தியானமே திருப்பிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால், சொந்த மாமனார் வயிற்றைக் கலக்கிவிட்டு அவர் வாயால் வாழ்த்து வாங்கியவன் என்று காலம் முழுக்கத் தலைகுனிந்து திரிய வேண்டும். பெலிக்ஸ் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

— இல்ல மாமா. வேற ஒண்ணு… கதவுக்கு இந்தப் பக்கம் நின்னா சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரியே இருக்குது.

— அவரு உள்ள உக்காந்து இவ்ளோ சத்தம் போட மாட்டாரு. சொல்லுங்க. நான் எங்கயும் எழுந்து போற நெலமைல இல்ல.

— காலைல நீங்க குடிச்சது… பீரு இல்ல மாமா.

— …

— மாமா? கேக்குதா?

— கேக்குது.

— போட்டோவுக்காக ரெண்டு குவள வச்சிருந்தேன். ஒரே கலரு. உங்க மூஞ்சியப் பாத்துக்கினே தப்பா ஊத்திட்டேன். அது பாத்தித் தண்ணி மாமா. உப்பு வாரினப்புறம் நிக்குமே, கசப்பா… அது.

— எந்தப் பாத்தி?

— எந்தப் பாத்தின்னா…

— கெழக்கால கடைசியா, தெக்கால கடைசியா?

— கெழக்கால மாமா.

— ம். அப்படித்தான் இருந்துச்சு.

— … மாமா, உங்களுக்குத் தெரியுமா?

— நாப்பத்தியொரு வருஷமா இந்த அளத்துல நிக்கிறேன். கண்ணக் கட்டிவிட்டாலும் எந்தப் பாத்தின்னு நாக்கு சொல்லும். தம்ளரு மூக்குக்கிட்ட வந்தப்பவே தெரிஞ்சிபோச்சு. நம்ம அளத்து ஆளு பாவாட தூரத்துல மம்பட்டியோட நின்னுக்கினு மூஞ்சச் சுளிச்சான். அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்.

— அப்புறம் ஏன் மாமா… கீழ ஊத்தியிருக்கலாமே.

— நாப்பது பேரு பாத்துக்கினு நிக்கிறாங்க.

— நின்னா என்ன மாமா?

— ஊத்துனா என்ன பேசுவாங்க? மருமகன் கையால குடுத்தத அந்தோணிசாமி மறுபடியும் வேணாம்னுட்டான்னு பேசுவாங்க. மறுபடியும்னு ஒரு வார்த்த வருமா வராதா?

— வரும் மாமா.

— புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கு, நூத்தம்பது பேரு சாப்பாட்டுல உக்காந்திருந்தாங்க. சாராயம் காய்ச்சுறவன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டு எலைய மடிச்சிட்டு எழுந்தேன். நீங்க கைல சாம்பார் வாளியோட அப்படியே நின்னீங்க.

— அத விடுங்க மாமா.

— நான் விட்டாலும் அது என்ன விடல. போன ஞாயிறு பூச முடிஞ்சி வெளிய வர்றேன், உங்க பொண்ணு கோயில் வாசல்ல எதிர்ல வந்து நிக்குது. என்னப் பாத்து அங்கிள்னு கூப்புடுது.

— ரெண்டு வயசு மாமா, அதுக்கு எல்லாரும் அங்கிள்தான்.

— பலூன் விக்கிறவன அண்ணான்னு கூப்புட்டுது. நான் நின்னு கேட்டேன்.

— பழகினா தாத்தான்னு கூப்புடும் மாமா.

— வெக்கமாப் போச்சு. வீட்டுக்கு வந்து சொல்லணும்னா வாய் வரல. எனக்கு மைக்கு கையில இருந்தாத்தான் வாய் வரும்.

— அது தெரியும் மாமா.

— என்ன தெரியும்?

— ஒண்ணுமில்ல மாமா, சொல்லுங்க.

— ஊர் முன்னாடி சொன்னத ஊர் முன்னாடிதான திருப்பி எடுக்கணும். உப்பு என்னுதுன்னு சொல்லி உங்க ஓனரு கூப்புட்டாரு, உப்புக்காகத்தான் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். நீங்க தம்ளர்ல மண்ணெண்ணெய் குடுத்திருந்தாலும் அதையேதான் பேசியிருப்பேன். நேத்து சாயங்காலமே எழுதி சட்டப் பையில வச்சிட்டேன்.

— அந்த உப்பு, பழம், கடைசியில கசப்பு… அதுவுமா?

— எல்லாம் எழுதினதுதான். கசப்பு தானா வந்து பொருந்திக்கிச்சு.

— மாமா… அது என்ன தண்ணின்னு தெரிஞ்சும், எனக்காக… எனக்காகப் போயி அத முழுங்கினீங்களே மாமா…

— அழுவுறீங்களா?

— இல்ல மாமா. மூக்கு அடச்சிருக்குது.

— அழாதீங்க. நான் முழுங்கல.

— என்னது?

— கைக்குட்டையில துப்பிட்டேன். அத முழுங்க எனக்கென்ன பைத்தியமா?

— நான் பாத்தேனே… நிதானமா வாயத் தொடச்சீங்க.

— அதான் தொடச்சேன்.

— அப்போ வயிறு? ரெண்டு மணிலேர்ந்து உள்ள இருக்கீங்களே மாமா…

— பேசிட்டு எறங்கினேன். எறங்கினதுலேர்ந்து மனசு உறுத்திச்சு. குடிக்காத ஒண்ண குடிச்சேன்னு மைக்கப் புடிச்சி ஏழு நிமிஷம் சொல்லியிருக்கேன். பொய்ச்சாட்சி. எட்டாவது கட்டள. நாளைக்கு ஞாயித்துக்கெழம, பூசையில சாமியார் அப்பம் குடுப்பாரு, நன்ம வாங்கணும். எந்த நாக்க நீட்டுறது?

— அதுக்கு?

— சொன்னத உண்ம ஆக்கிட்டா பொய் இல்லயே. எல்லாரும் மீன் வறுவல்ல இருந்தாங்க. கொட்டகைக்குப் பின்னாடி போனேன். நீங்க செக்போஸ்ட்ல பழ ஜூஸுன்னு சொல்லிக் கொண்டாந்த பொட்டி வெயில்ல இருந்துச்சு. ஐசெல்லாம் தண்ணியா மெதக்குது. ஒரு பாட்டில எடுத்தேன்.

— என் பீரையா மாமா?

— உங்க பீரத்தான். செவுத்துப் பக்கம் திரும்பி நின்னு குடிச்சேன்.

— ஒரு வாயா?

— அடி வரைக்கும். நான் அர குடிச்சிட்டு வச்சா அதுவும் பாதிப் பொய்தான.

— முழு பாட்டிலா… மாமா, நீங்க என் கையால செஞ்சத… ரெண்டு வருஷம் கழிச்சி… மாமா, இதுல பொய் வேணாம், மைக்கு இல்ல, நம்ம ரெண்டு பேருதான். எப்படி இருந்துச்சு?

— இதோட அஞ்சு தடவ ஆச்சு, மாப்ள.