தொட்டித் தண்ணீர்

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கஞ்சித்தூக்கு.

"கோழிக்குப் போடுற மருந்தத்தான் எம்புருசனுக்கும் ஏத்துனாக. கிருமி சிரிச்சிருக்கு," என்றாள்.

"கோழி மருந்தா?"

"ஆமாக்கா. அவரு கோழி அறுக்குற கம்பெனிலதான வேலை பாக்குறாரு? பத்து நாளா பேதி, காய்ச்சல். பண்ணையில அந்த மருந்தத் தீவனத்துல போட்டுப் போட்டு, கிருமிக்கே பழகிப்போச்சுன்னு டாக்டரம்மா சொல்றாக. வேற மருந்து மாத்துன பெறகுதான் நேத்துக் கண்ணத் தொறந்தாரு."

"மொதலாளி வந்து பாத்தாரா?"

"வந்தாரு, மூக்கப் பொத்திக்கிட்டு. எங்க வீட்ல சுத்தம் பத்தலையாம். கையக் கழுவிட்டுச் சாப்பிடச் சொல்லி எனக்குப் பாடம் நடத்துறாரு! அவரு கம்பெனில காலையில ரொப்புன தொட்டித் தண்ணியிலதான் சாயங்காலம் வரைக்கும் அறுத்த அம்புட்டுக் கோழியவும் முக்குறாக."

"நீ சும்மாவா இருந்த?"

"எப்ப வேலைக்கு வருவான்னு கேட்டாரு. அந்தத் தொட்டித் தண்ணியில நீங்க ஒருக்கா வாய் கொப்புளிச்சுக் காட்டுங்க, மறுநாளே அனுப்புறேன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"கொண்டாந்த ஆப்பிளையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."