முந்திரி வீட்டு மருமகள்

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவளுடைய அத்தையும். அத்தையின் குரலில் என் புத்தகம் தானாக மூடிக்கொண்டது.

“முந்திரி வியாபாரி வூட்டுக்கு வாழப் போறவ, முந்திரி தின்னா மூச்சு முட்டுதுன்னு சொல்லிகினு கீற!”

“உடம்புல காவலுக்கு இருக்கற அணுவுங்க மைன்ஸ் கேட்டுல புது செக்யூரிட்டி மாதிரி அத்த. முந்திரியப் பாத்தாலே தடி எடுக்குது. டாக்டர் எதிர்லயே துளித்துளியா தின்னு மொகத்தப் பழக்கிட்டா வுட்டுடுமாம்.”

“வூட்டுலயே ஒரு பிடி தின்னு பழக்கேன்.”

“செத்துடுவேன் அத்த.”

“மாமியாருக்குத் தெரியுமா?”

“பொண்ணு பாக்க வந்தப்பவே, கேசரியில முந்திரி எங்கன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்.”

“ஐயையோ. என்னா சொன்னாங்க?”

“‘என்னையே நம்மாளுன்னு ஏத்துக்க எங்க வூட்டுக்கு எத்தினியோ வருஷம் ஆச்சு, உன் உடம்பு மட்டும் அவசரப்படணுமா’ன்னாங்க. அதுவரைக்கும் சமையக்கட்டுல முந்திரி நுழையாதாம்.”

அத்தை மூக்கை உறிஞ்சினாள். என் மடியில் வறுத்த முந்திரிப் பொட்டலம் திறந்தே கிடந்தது. இறுக்கி மூடிக்கொண்டு கடைசி இருக்கைக்குப் போனேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே தியாகம் அதுவாகத்தான் இருக்கும்.