ஒரே ஒரு ஹெல்மெட்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் நண்டுக் கூடைகளோடு இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் புது ஹெல்மெட்.

“வண்டி வாங்கிட்டியாடி?” என்று மூத்தவள் கேட்டாள்.

“இல்லக்கா. எங்க வூட்டுக்காரு ராக்கெட் செய்றாரு, அதுக்கு. பழைய நண்டு வலையில பாராசூட்டும் தெச்சிட்டாரு.”

“வலையில காத்து நிக்குமா? ஓட்டையால பூடுமே!”

“நானும் கேட்டேன். அதான் ரெண்டு வலை போட்டுக்கிறாராம்.”

“சரி, பத்த வைக்கிறது யாரு?”

“நான்தான். அவரு பத்துலேந்து கீழ எண்ணுவாரு.”

“அப்ப ஹெல்மெட்டு உனக்கு.”

“அவருக்குக்கா. அண்ணாந்து பாக்கணுமாம்.”

என் மகளும் ராக்கெட் செய்கிறாள். போன வாரம் எங்கள் வீட்டுத் திரைச்சீலை எரிந்தது. நான் அவர்கள் பேச்சுக்குக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஒயரு நீளமா வாங்கி, தூரத்துலேந்து ஸ்விட்ச் போடுடி” என்றாள் மூத்தவள்.

“சொன்னேன். தூரமா நின்னா அவரு எண்ணுறது என் காதுல வுழாதாம்.”

“இன்னாதான் பண்ணப் போற?”

“ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் வுட்டா, யாரும் கடலுக்குப் போவாதீங்கன்றாங்க. எங்க வூட்டு ராக்கெட் அன்னிக்கு நான் மொத படகுல ஏறிடுவேன்.”

“அப்ப பத்த வைக்கிறது?”

“எண்ணுறவரே வைக்கட்டும். ஹெல்மெட்டு கீதுல்ல?”