குமுளி தாண்டிய மூன்று

ஜன்னலோர இருக்கை கிடைத்தால் மலையைப் பார்த்து வாயைப் பிளந்துவிடும் மடையன் நான். ஒருமுறை பூச்சியே உள்ளே போயிருக்கிறது. அன்றும் கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்தில், மேகமலை மேல் நின்ற மேகத்தோடு மிதந்துகொண்டிருந்தேன். முன் இருக்கைக் குரல் ஒன்று என்னைக் கீழே இறக்கியது.

"காலையில போன மூணு சாயந்தரம் வீடு திரும்பணும்ல?"

எல்லை தாண்டிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் போய்வருகிற பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதப் போகிறார். பக்கத்தில் பாடம் சொன்னவள் அவருடைய நாத்தனார், கல்லூரிப் பெண்.

"மதினி, ரெண்டு எக்ஸ் கூட்டல் மூணு, சமம் பதினொண்ணு. சமக்குறிதான் குமுளி செக்போஸ்ட்டுன்னு சொன்னேன்ல? கூட்டல் மூணு அதத் தாண்டுனா கழித்தல் மூணு."

"சரி, தாண்டிருச்சு. பொழுது சாய ஜீப்பு ஏறி இங்கனயே வந்துருமே? நாங்க அப்படித்தான வாரோம்."

"வந்தா மறுபடியும் கூட்டல் மூணா நிக்கும். கணக்கு ஆரம்பிச்ச எடத்துலயே கெடக்கும். போன தடவையும் இப்படித்தான் கோட்ட விட்டீக. இதுவும் போச்சுன்னா அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட முடியாது. காலம்பூரா ஜீப்புதான்."

அவர் விரல்களை மடக்கத் தொடங்கினார்.

"அப்ப அது அங்கனயே வீடெடுத்துத் தங்கிருச்சுன்னு வச்சுக்கிறேன். பதினொண்ணுல மூணு போனா எட்டு. பாதி நாலு. எக்ஸ் நாலுடி!"

எனக்கோ, மலைக்கு அந்தப் பக்கம் தனியாக உலை வைக்கும் மூன்றின் மேல் இரக்கம் பொங்கியது. தாங்காமல், "பாவம், இனி அது ஊருக்கே வராதாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் பாஸாகுற வரைக்கும் வராதுண்ணே."