ரோஸியை உயிரோடுதான் கொண்டுபோனார்கள்

ஓடுகிறோம். பின்னால் துப்பாக்கிச் சத்தம். முதலில் ஒற்றை ஒற்றையாக. பிறகு நிற்காமல். தகரக் கூரைகள் அலறுகின்றன. நான், தங்கை ரோஸி, பக்கத்து வீட்டு மா தின். பர்மாவின் தாகேதா பேட்டையில் எங்கள் சந்து.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம். காலையில்தான் சந்து முனையில் கயிறு கட்டி எங்கள் தமெய்ன்களைத் தொங்கவிட்டோம். பெண்கள் இடுப்பில் கட்டும் துணி. அதன் கீழே நடந்தால் ஆணின் பலம் போய்விடும் என்று பர்மாக்காரர்களுக்கு நம்பிக்கை. சிப்பாய்கள் தயங்கினார்கள். ரோஸி கைதட்டிச் சிரித்தாள். தையல் ஃபேக்டரியில் வேலை செய்தவள். பிறகு ஒருவன் கயிற்றை அறுத்தான்.

“படு! படு!” மா தின் பர்மிய மொழியில் கத்துகிறாள்.

ரோஸி உட்காருகிறாள். கால் தடுக்கியது என்றுதான் நினைத்தேன். தொடையில் ரத்தம். இழுத்துக்கொண்டு மா தின் வீட்டுக்குள் போனோம். கட்டிலுக்கடியில் மா தின்னின் இரண்டு குழந்தைகள். ரோஸியின் தொடையைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை.

ரத்தத் தடம் வாசல்வரை இருந்தது. பூட்ஸ் சத்தம். கதவில் இடி.

“வெளியே வா! இல்லாட்டி வீட்டோட கொளுத்துவோம்!”

“அக்கா, கதவைத் திற. உள்ள புள்ளைங்க இருக்கு.”

“முடியாதுடி.”

ரோஸி என் கையைத் தட்டிவிட்டாள். கையை ஊன்றி நகர்ந்தாள். தாழ்ப்பாளை அவளே தள்ளினாள்.

காலைப் பிடித்து இழுத்தார்கள். அடிபட்ட காலை. தலை படிகளில் மோதியது. டொக். டொக். ஒருவன் சிரித்தான். பின்னால் ஓடினேன். துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தான். லாரிக்குள் தூக்கி எறிந்தபோது “அக்கா” என்றாள். தெளிவாகக் கேட்டது.

அன்று மாலை சந்துப் பெண்களைக் கூப்பிட்டு ரத்தத்தைக் கழுவ வைத்தார்கள். என் தங்கையின் ரத்தத்தை நானே துடைப்பத்தால் சாக்கடைக்குத் தள்ளினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசல். ரோஸி கோயிலுக்கு உடுத்தும் நீலச் சட்டையை அம்மா மடித்துக் கொண்டுவந்திருந்தாள். உடம்பையாவது தருவார்கள் என்று. காவலுக்கு நின்றவன் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“லாரில ஏத்தும்போதே உசிர் இல்ல. எரிச்சாச்சு. போங்க.”

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். புதைக்கிறவர்கள். சாம்பலும் தரவில்லை.

இழந்தவர்களைச் சொல்கிறேன். என் தங்கை ரோஸி. அடுத்த சந்தில் ஒரு தாயும் மகளும், அதே மதியம். மா தின், குழந்தைகளோடு எல்லைப் பக்கம் போனவள், ஒரு தகவலும் இல்லை. இழந்தவை: ரோஸிக்கு ஒரு கல்லறை. என் முன்பற்கள்.

அப்புறம் அம்மா. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள். படுக்கச் சொன்னால் படுக்கிறாள். கணக்கில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.